சனிக்கிழமை கிளாஸ்: ஊர் ஸ்கூல் பசங்களுக்கு சொல்லிக்கொடுக்க போற காலேஜ் ஸ்டூடன்ட்ஸ் அடிக்கடி கேக்குற கேள்விகள்

நாங்க முசிறி பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில 2023 பிப்ரவரிலேர்ந்து சனிக்கிழமை காலையில கிளாஸ் எடுத்துட்டு வர்றோம். சுத்தி வாழைத்தோட்டம், பசங்களோட அப்பா அம்மா பாதிப் பேரு இலை அறுக்க, தார் வெட்ட போறவங்க. ஆரம்பிச்சப்ப நான் யூஜி செகண்ட் இயர், இப்ப பி.எட். பண்றேன், கிளாஸை இப்ப ஜூனியர்ஸ் தான் பாத்துக்குறாங்க, நானும் முடிஞ்சப்பல்லாம் போயிடுவேன். வேற வேற காலேஜ்லேர்ந்து நிறைய பேரு இதே கேள்விங்களை வாட்ஸ்அப்ல கேக்குறதால எல்லாத்துக்கும் சேத்து இங்க எழுதிட்டேன், கொஞ்சம் நீளம் தான், பொறுமையா படிங்க.

யார்கிட்ட பர்மிஷன் வாங்கணும்? நேரா ஸ்கூலுக்கு போயி நின்னா விடுவாங்களா?

விட மாட்டாங்க, விடவும் கூடாது. முன்ன பின்ன தெரியாத நாலு பேரு வந்து புள்ளைங்களோட உக்காரப் போறேன்னா எந்த ஹெச்.எம். சரின்னு சொல்லுவாங்க. காலேஜ் பிரின்சிபால் கையெழுத்து போட்ட லெட்டர் ஒண்ணு, அதுல யார் யார் வர்றோம், எந்த டிபார்ட்மென்ட், எந்த நாள், எத்தனை மணிலேர்ந்து எத்தனை மணி வரைக்கும்னு தெளிவா இருக்கணும். அதை எடுத்துட்டு ஹெச்.எம்.ம பாருங்க, அவங்க வட்டாரக் கல்வி அலுவலர்கிட்ட, அதான் பி.இ.ஓ.கிட்ட கேட்டுட்டு சொல்றேம்பாங்க, அதுக்கு ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அவசரப்படாதீங்க. பள்ளி மேலாண்மைக் குழு கூட்டம் நடக்குறப்ப நீங்களும் போயி அப்பா அம்மாங்க முன்னாடி ரெண்டு வார்த்தை பேசிட்டு வந்துட்டா ரொம்ப நல்லது, அப்புறம் ஊருக்குள்ள யாரும் உங்களை யாரு என்னன்னு கேக்க மாட்டாங்க.

என்.எஸ்.எஸ்.ல, அதான் நாட்டு நலப்பணித் திட்டத்துல, இருந்தா தான் பண்ண முடியுமா?

அப்படி ஒண்ணும் இல்ல, ஆனா இருந்தா வேலை ஈசி. என்.எஸ்.எஸ். 1969 செப்டம்பர் 24ல காந்தி நூற்றாண்டு வருஷத்துல ஆரம்பிச்சது, ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம் சேவை பண்ணணும், நடுவுல ஒரு ஏழு நாள் ஸ்பெஷல் கேம்ப். நம்மள்ல முக்கால்வாசிப் பேரு அந்த 240 மணி நேரத்தை கேம்பஸ்ல புல்லு புடுங்குறது, ரேலிக்கு போயி நிக்குறதுன்னு தான் கழிக்கிறோம், அதையே சனிக்கிழமைக்கு மூணு மணி நேரம்னு வெச்சுப் பாருங்க, வருஷத்துக்கு 40 சனிக்கிழமை ஆகும், அவ்ளோ சனிக்கிழமை நமக்கு கிடைக்கவே கிடைக்காது, அதாவது நாம எடுக்குற எல்லா கிளாஸும் அந்த 240 மணி நேரத்துக்குள்ளயே அடங்கிடும். அதனால ப்ரோக்ராம் ஆபீசர்கிட்ட முன்னாடியே பேசி இதை ரெகுலர் ஆக்டிவிட்டியா எழுதிக்க சொல்லுங்க. என்.எஸ்.எஸ். இல்லைன்னா உன்னத் பாரத் அபியான்ல, அதான் காலேஜுங்களை கிராமங்களோட சேக்குற மத்திய அரசு திட்டத்துல, உங்க காலேஜ் எந்த ஊரையாவது தத்தெடுத்திருக்கான்னு கேட்டுப் பாருங்க, அதுல சேர்ந்த காலேஜுங்க குறைஞ்சது அஞ்சு கிராமம் எடுத்திருப்பாங்க.

ஒரு நாள் ப்ரோக்ராமா பெருசா பண்ணிட்டு வந்தா போதாதா? வாராவாரம் போறது கஷ்டமாச்சே?

போதாதுங்க. இதை நான் அனுபவத்துல சொல்றேன். 2022 அக்டோபர்ல நாங்க மொத மொத அந்த ஸ்கூலுக்கு ஒரு நாள் ப்ரோக்ராமா தான் போனோம். ஃப்ளெக்ஸ் அடிச்சு, பலூன் கட்டி, பேசுறதுக்கு ஆள் கூட்டிட்டு வந்து, எல்லாருக்கும் பென்சில் பாக்ஸ் குடுத்து, குரூப் போட்டோ எடுத்துட்டு பஸ் ஏறப் போறப்ப மூணாவது படிக்கிற ஒரு பாப்பா என் ஷாலை புடிச்சுகிட்டு "அக்கா அடுத்த சனிக்கிழமையும் வருவீங்களா"ன்னு கேட்டா. வருவோம்டா செல்லம்னு சொல்லிட்டேன், யோசிக்கக்கூட இல்ல. அப்புறம் இன்டர்னல், செமஸ்டர், பொங்கல் லீவுன்னு ஓடி நாங்க மறுபடி அந்த ஊருக்கு போனது பிப்ரவரியில.

அன்னைக்கு ஹெச்.எம். டீச்சர் சொன்னாங்க, நீங்க போனதுக்கு அடுத்த சனிக்கிழமை எட்டு பத்து புள்ளைங்க தலை சீவி பவுடர் போட்டு ஸ்கூல் கேட் வாசல்ல வந்து உக்காந்திருந்துச்சுங்க, நான் ஒரு வேலையா வந்தப்ப பாத்தேன், அக்கா வருவாங்கன்னு மத்தியானம் வரைக்கும் நகரவே இல்லன்னு. அவங்க கோவமா கூட சொல்லல. எனக்கு அன்னைக்கு ராத்திரி முழுக்க தூக்கமே வரல. அந்த மாசத்துலேர்ந்து தான் வாராவாரம் போக ஆரம்பிச்சோம்.

200 பசங்களுக்கு ஒரு நாள் பண்றதை விட 15 பசங்களோட 25 சனிக்கிழமை உக்காருங்க. ஒரு புள்ளைக்கு வாசிக்க வரலைங்கறது ஒரே நாள்ல தெரிஞ்சுடும், ஆனா ஏன் வரலைன்னு தெரியுறதுக்கே நாலு வாரம் ஆகும். அதோட அந்தப் புள்ளைக்கு உங்க மேல நம்பிக்கை வந்தா தான் தனக்கு தெரியாததை தெரியாதுன்னு சொல்லும், அதுவரைக்கும் பக்கத்துல இருக்கறவன் சொல்றதை கேட்டு கூடவே கத்திகிட்டு இருக்கும்.

எங்க நடத்துறது? ஊர்ல கோயில் மண்டபம் பெருசா காத்தோட்டமா இருக்கு, அங்க வெச்சுக்கலாமா?

தயவு செஞ்சு ஸ்கூல்லயே வெச்சுக்கோங்க. மண்டபத்துல ஃபேன் இருக்கும், தரை சில்லுனு இருக்கும், எல்லாம் சரி, ஆனா காலனி பசங்க அங்க வருவாங்களான்னு மொதல்ல யோசிங்க. யாரும் வாயைத் தொறந்து வராதேன்னு சொல்ல மாட்டாங்க, ஆனா அந்தப் புள்ளைங்களுக்கு தெரியும், அவங்க வீட்ல உள்ளவங்களுக்கும் தெரியும், ரெண்டாவது வாரமே வர்றது நின்னுடும், நம்ம ரெஜிஸ்டர்ல "ஆப்சென்ட்"னு மட்டும் இருக்கும். தெருவுல யாரோ ஒருத்தர் வீட்டு திண்ணையில வெச்சாலும் அதே கதை தான். ஸ்கூலுக்குன்னா எல்லா தெருவுலேர்ந்தும் எல்லாரும் வருவாங்க, அது அவங்களோட இடம். உக்கார வெக்குறப்பவும் வட்டமா உக்கார வெச்சு வாராவாரம் இடம் மாத்தி விடுங்க, அவங்களா உக்காந்தா தெரு தெருவா தான் உக்காருவாங்க.

மொத நாள் என்ன பண்றது?

பாடம் எதுவும் எடுக்காதீங்க. பேரு கேட்டு ஒரு நோட்ல எழுதிக்கோங்க, விளையாடுங்க, நடுவுல ஒவ்வொரு புள்ளையா தனியா, ஆனா எல்லாரும் பாக்குற மாதிரி வராண்டாவுல உக்கார வெச்சு அஞ்சு நிமிஷம் வாசிக்க சொல்லி கேளுங்க. பிரதம் அமைப்பு, பசங்களுக்கு வாசிக்க, கணக்கு போட வருதான்னு பாக்குற ஏசர் சர்வேக்கு வீடு வீடா போயி செய்யுறாங்களே அதே முறை தான், எழுத்து தெரியுதா, சின்ன வார்த்தை தெரியுதா, ஒண்ணாம் வகுப்பு அளவுல நாலு வரி வாசிக்குதா, ரெண்டாம் வகுப்பு கதை ஒண்ணு வாசிக்குதா, இவ்ளோ தான் பாக்கணும். மார்க் போடாதீங்க, தப்புன்னு சொல்லாதீங்க.

அப்புறம் அந்த லெவலை வெச்சு குரூப் பிரிங்க, வகுப்பை வெச்சு பிரிக்காதீங்க. எங்ககிட்ட ஏழாவது படிக்கிற ஒரு பையன் வார்த்தை லெவல்ல இருந்தான், மூணாவது பாப்பா ஒருத்தி கதையே வாசிச்சா. பெரிய பையனை சின்னப் பசங்களோட உக்கார வெச்சா கூச்சப்படுவான்ல, அதனால அவனுக்கு மட்டும் ஒரு அண்ணா தனியா உக்காந்து கிரிக்கெட் நியூஸ், சினிமா நோட்டீஸ்னு அவன் வயசுக்கு ஏத்ததா குடுத்து வாசிக்க வெச்சாரு. குரூப்புக்கு பேரு வெக்குறப்ப ஏ, பி, சின்னு வெக்காதீங்க, பசங்க ஒரு நிமிஷத்துல கண்டுபுடிச்சுடுவாங்க, நாங்க பூவன், ரஸ்தாளி, ஏலக்கின்னு வாழைப்பழ பேரு வெச்சோம்.

நாலாவது அஞ்சாவது வந்தும் தமிழ் வாசிக்க வரல. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

247 எழுத்தையும் மறுபடி வரிசையா சொல்ல வெக்க ஆரம்பிச்சுடாதீங்க, அ ஆ இ ஈ பாட்டு மாதிரி எல்லாப் புள்ளையும் சொல்லும், அதுல ஒண்ணும் தெரியாது. எங்க மாட்டுதுன்னு பாருங்க. எங்க அனுபவத்துல நிறைய பசங்களுக்கு மாட்டுற இடம் கொம்பு. ஒரு பையன் "கொக்கு"ன்னு இருக்கறதை "கெ… கா… க்கு"ன்னு வாசிச்சான். எனக்கு மொதல்ல புரியவே இல்ல, அப்புறம் பாத்தா அவன் வாசிச்சதுல ஒரு நியாயம் இருக்கு, ஒற்றைக் கொம்பையும் 'க'வையும் சேத்து கெ, அப்புறம் அதே 'க'வோட துணைக்காலை சேத்து கா. கண்ணு இடமிருந்து வலமா போகுது, கொம்பு முன்னாடி நிக்குது, ஆனா சத்தம் பின்னாடி வருது, கூடவே காலும் சேந்தா தான் ஒ. இதை அவனுக்கு யாரும் கையால தொட்டு காட்டினதே இல்ல.

அட்டையில க ஒண்ணு பெருசா எழுதி வெட்டிகிட்டோம், கொம்பு தனியா, இரட்டைக் கொம்பு தனியா, கால் தனியா வெட்டிகிட்டோம். தரையில 'க'வை வெச்சுட்டு கொம்பை முன்னாடி நகத்தி வெச்சா கெ, காலை மட்டும் பின்னாடி வெச்சா கா, ரெண்டு பக்கமும் புடிச்சா கொ. அவன் அதை ஒரு மணி நேரம் மாத்தி மாத்தி வெச்சுகிட்டே இருந்தான், 'க'வை எடுத்துட்டு ப வெச்சான், ம வெச்சான், வீட்டுக்கு போறப்ப அந்த அட்டையை கேட்டு வாங்கிட்டு போயிட்டான். மூணு வாரம் கழிச்சு பஸ் போர்டுல "தொட்டியம்"னு இருந்ததை சத்தமா வாசிச்சுட்டு என்னை திரும்பிப் பாத்தான் பாருங்க, அதுக்காக எத்தனை சனிக்கிழமை வேணா போகலாம்.

ல ள ழ, ண ன எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், அது எழுதுறப்ப வர்ற பிரச்சனை, வாசிக்குறதை தடுக்காது. கதைப் புத்தகம் வேணும்னா தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்துற துளிர் மாச இதழோட பழைய காப்பி கிடைச்சா வாங்கி வெச்சுக்கோங்க, பெரிய பசங்களுக்கு நல்லா இருக்கும்.

கணக்கு எப்படி?

தீப்பெட்டி பத்து வாங்கிக்கோங்க, மருந்தை பிளேடால சுரண்டி எடுத்துட்டு குச்சியை மட்டும் குடுங்க. பத்து குச்சிக்கு ஒரு ரப்பர் பேண்ட், பத்து கட்டு சேந்தா ஒரு பெரிய கட்டு. 402லேர்ந்து 178 கழிக்க சொன்னா நோட்ல "கடன் வாங்கு"ன்னு மனப்பாடமா சொல்லிட்டு நடுவுல இருக்குற சைபர்ல போயி நின்னுடுவாங்க. குச்சியை கையில குடுத்தா பெரிய கட்டு ஒண்ணை அவங்களே பிரிப்பாங்க, பத்து சின்னக் கட்டு வரும், அதுல ஒண்ணை பிரிச்சா பத்து குச்சி, கடன் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கண்ணால பாத்துடுவாங்க.

இன்னொண்ணு, இந்தப் பசங்களுக்கு கணக்கு வராதுன்னு மட்டும் நினைச்சுடாதீங்க. அஞ்சு இலை 20 ரூபான்னா 15 இலை எவ்ளோடான்னு கேட்டா 60ன்னு உடனே சொல்லுவான், அதையே போர்டுல எழுதிப் போட்டா முழிப்பான். வாயால சொன்னதை அவனையே அவன் இஷ்டத்துக்கு பேப்பர்ல எழுத சொல்லுங்க, அங்கேர்ந்து புத்தகத்துல இருக்கற மாதிரிக்கு கூட்டிட்டு வாங்க.

சயின்ஸ் எக்ஸ்பெரிமென்ட்டுக்கு கிட் வாங்கணுமா?

வேண்டாம். பொம்மை செஞ்சே சயின்ஸ் சொல்லித்தர்ற அரவிந்த் குப்தா குப்பையில கிடக்குறதை வெச்சே பண்ண சொல்லிக்கொடுத்த பொம்மைங்க எவ்ளோவோ இருக்கு, சைக்கிள் வால்வ் டியூபையும் தீக்குச்சியையும் வெச்சு முக்கோணம் சதுரம் செஞ்சு பாருங்க, சதுரம் நசுங்கும், முக்கோணம் நசுங்காது, பாலத்துல ஏன் முக்கோணம் முக்கோணமா கம்பி இருக்குன்னு பசங்களே சொல்லிடுவாங்க.

எனக்கு ரொம்பப் புடிச்சது நிழலில்லா நாள். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவுல இருக்கற ஊர்ல எல்லாம் வருஷத்துக்கு ரெண்டு நாள் உச்சி வெயில்ல சூரியன் சரியா தலைக்கு மேல வரும், சென்னையில ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்குல, எங்க பக்கம் ஏப்ரல்ல சென்னைக்கு கொஞ்சம் முன்னாடியும் ஆகஸ்ட்ல கொஞ்சம் பின்னாடியும் வரும், ஆகஸ்ட் 24ஐ ஒட்டி. 2024ல அது சனிக்கிழமையாவே அமைஞ்சுடுச்சு. காலையில பத்து மணிலேர்ந்து கிரவுண்டுல ஒரு பைப்பை நட்டு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நிழல் நுனியில கல்லு வெச்சுகிட்டே வந்தாங்க, மேகம் வந்து வந்து போயிட்டு இருந்ததால எல்லாருக்கும் ஒரே டென்ஷன், பன்னெண்டே கால் தாண்டி ஒரு ரெண்டு நிமிஷம் வெயில் அடிச்சுது, பைப்பை சுத்தி நிழலே இல்ல. ஒரு குட்டிப் பையன் உக்காந்து பைப்புக்கு அடியில கையை விட்டுத் தேடுனான்.

செலவு எவ்ளோ ஆகும்? சாப்பாடு குடுக்கணுமா?

குடுக்கணும், இதை நாங்க லேட்டா தான் புரிஞ்சுகிட்டோம். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சு அடுத்த வருஷம் எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்துடுச்சு, மத்தியானம் சத்துணவும் இருக்கு, ஆனா அது ரெண்டும் ஸ்கூல் நாள்ல தான். லீவு சனிக்கிழமை நிறைய வீட்ல அப்பா அம்மா விடியறதுக்குள்ள தோட்டத்துக்கு போயிடுவாங்க, புள்ளைங்க டீயை குடிச்சுட்டு வந்துடும், பத்தரை மணிக்கு மேல ஒண்ணும் மண்டையில ஏறாது. நாங்க கூட அதை கவனக்குறைவுன்னு நினைச்சு குரலை உசத்தியிருக்கோம், நினைச்சா இப்பவும் சங்கடமா இருக்கு. இப்ப பத்தே கால்க்கு ஆளுக்கு ரெண்டு பழமும் கொஞ்சம் சுண்டலும். பழம் ஊர்ல யாராவது ஒரு சீப்பு ரெண்டு சீப்பு குடுத்துடுவாங்க, சுண்டல் மட்டும் நாங்க ஆளுக்கு இருபது ரூபா போட்டு வாங்கி ஊர்லயே ஒரு அக்காகிட்ட குடுத்து வேக வெச்சுக்குறோம். பஸ்ஸுக்கு பொண்ணுங்களுக்கு டவுன் பஸ்ல ஃப்ரீ, பசங்க மட்டும் டிக்கெட் எடுத்தா போதும்.

ஸ்கூல் டீச்சர்ஸ் தப்பா எடுத்துக்க மாட்டாங்களா?

நீங்க நடந்துக்குறதை பொறுத்தது. ரெண்டே டீச்சர் அஞ்சு வகுப்பையும் சேத்து பாத்துக்குற ஸ்கூல் எவ்ளோ இருக்கு, அதுல ஒருத்தர் மீட்டிங், ட்ரெயினிங், எமிஸ்ல, அதான் கல்வித்துறையோட ஆன்லைன் பதிவுல, டேட்டா ஏத்துறதுன்னு போயிட்டா மிச்சம் ஒரே ஆள். நீங்க வாரத்துக்கு மூணு மணி நேரம் பத்து பேரா வர்றீங்க. அதனால பசங்க முன்னாடி "இதைக் கூடவா சொல்லித் தரல"ன்னு ஒரு வார்த்தை வந்துடக் கூடாது. போன வாரம் யார் யாருக்கு என்ன வந்துச்சுன்னு ஒரு பக்கம் எழுதி ஹெச்.எம். டேபிள்ல வெச்சுட்டு வாங்க. வாசிக்கவும் கணக்கு போடவும் அடிப்படை சொல்லித்தர்ற அரசோட எண்ணும் எழுத்தும் கிளாஸ்ல என்ன போயிட்டு இருக்குன்னு கேட்டு அதோட ஒத்துப்போற மாதிரி பண்ணுங்க. ஊர்ல இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலரா இருந்த அக்கா யாராவது கண்டிப்பா இருப்பாங்க, 2021லேர்ந்து சாயங்காலம் அந்தப் புள்ளைங்களோட உக்காந்தவங்க, எந்த வீட்ல என்ன கஷ்டம்னு அவங்களுக்கு தெரியும், மொதல்ல அவங்களைப் போயி பாருங்க.

பாதுகாப்பு விஷயத்துல என்ன கவனிக்கணும்?

இதுல விட்டுக்கொடுக்கவே கூடாது. எந்த வாலண்டியரும் எந்தப் புள்ளையோடயும் தனியா மூடின ரூம்ல இருக்கக் கூடாது, எப்பவும் ரெண்டு பேரு, கதவு தொறந்திருக்கணும், பொண்ணு வாலண்டியர் இல்லாத அன்னைக்கு கிளாஸே கிடையாது. பசங்க போன் நம்பர் நீங்க வாங்கக் கூடாது, உங்க நம்பரையும் குடுக்கக் கூடாது, எதுவா இருந்தாலும் ஹெச்.எம். மூலமா. அடிக்கிறது, கிள்ளுறது, முட்டி போட வெக்குறது, எதுவும் கிடையாது. முகம் தெரியுற மாதிரி போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடாதீங்க, கை, நோட்டு, செஞ்ச பொம்மை இதை எடுங்க போதும்.

ஒரு புள்ளை தனக்கு நடந்த தப்பை உங்ககிட்ட சொன்னா குறுக்கு விசாரணை பண்ணாதீங்க, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணாதீங்க. குழந்தைங்களை பாலியல் குற்றங்கள்லேர்ந்து காப்பாத்த 2012ல வந்த போக்சோ சட்டப்படி தெரிஞ்சும் போலீசுக்கு தெரிவிக்காம இருக்கறதே குத்தம். குழந்தைகள் உதவி எண் 1098க்கு உடனே போன் பண்ணுங்க, ஹெச்.எம்.கிட்டயும் உங்க ப்ரோக்ராம் ஆபீசர்கிட்டயும் அன்னைக்கே சொல்லுங்க. இந்த நம்பரை போர்டுல எழுதி பசங்களுக்கும் மனப்பாடம் ஆக்கிவிடுங்க.

எட்டாவது பசங்களுக்கு தனியா ஏதாவது பண்ணணுமா?

என்.எம்.எம்.எஸ்.ங்கற உதவித்தொகை தேர்வுக்கு தயார் பண்ணுங்க. எட்டாவதுல எழுதுறது, பாஸாகி லிஸ்ட்ல வந்துட்டா ஒம்பதாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் வருஷம் 12,000 ரூபா. வீட்டு வருஷ வருமான வரம்பு 3.5 லட்சம், அரசு, அரசு உதவி பெறும் பள்ளி பசங்க எழுதலாம். அதுல மனத்திறன் தேர்வுன்னு 90 கேள்வி வரும், எண் தொடர், படம் பொருத்துறது, குறியீடு, இதெல்லாம் நாம பிளேஸ்மெண்ட் ஆப்டிடியூடுக்கு படிக்கறது தானே, அதை தமிழ்ல எளிமையா சொல்லிக்கொடுத்தா போதும். கூடவே அரசுப் பள்ளியில படிச்சா பொண்ணுங்களுக்கு புதுமைப்பெண், பசங்களுக்கு தமிழ்ப்புதல்வன்ல காலேஜ் படிக்கறப்ப மாசம் ஆயிரம் ரூபா வருது, இன்ஜினியரிங், மெடிக்கல்ல 7.5 சதவீதம் ஒதுக்கீடு இருக்குன்னு சொல்லுங்க. எங்க டீம்லயே அந்தப் பணத்துல பஸ் பாஸ், ஜெராக்ஸ்னு சமாளிக்கிற பொண்ணுங்க இருக்காங்க, அவங்க வாயால சொன்னப்ப தான் ஒரு புள்ளையோட அம்மா வந்து உக்காந்து எல்லாத்தையும் மறுபடி கேட்டாங்க.

செமஸ்டர் வந்தா என்ன பண்றது? பாதியில வாலண்டியர்ஸ் நின்னுட்டா?

20 பேரு சேந்தா 8 பேரு தான் நிப்பாங்க, அதுக்கு வருத்தப்படாதீங்க, அந்த 8 பேருக்கு தகுந்த மாதிரி பசங்க எண்ணிக்கையை வெச்சுக்கோங்க. ஒவ்வொரு குரூப்புக்கும் ஒரு சீனியர் ஒரு ஜூனியர்னு போடுங்க, சீனியர் போயிட்டாலும் புள்ளைங்களுக்கு தெரிஞ்ச முகம் ஒண்ணு இருக்கும்.

செமஸ்டருக்கு நாங்க பண்றது, ஜூன்லயே காலேஜ் காலண்டரையும் ஸ்கூல் காலண்டரையும் சேத்து வெச்சு ஒரு சார்ட் போட்டு வகுப்பு சுவத்துல ஒட்டிடுவோம். வர்ற சனிக்கிழமைக்கு பச்சை ஸ்கெட்ச், எக்ஸாம், பண்டிகை, ஸ்கூல் வேலை நாள்னு வர முடியாத சனிக்கிழமைக்கு சிவப்பு. நாலு சிவப்பு வரிசையா இருந்தா ஏன்னு உக்காந்து சொல்லுவோம், எங்களுக்கும் பரீட்சைடா, நாங்களும் படிக்கணும்னு, பசங்க நல்லா படிங்கக்கான்னு சொல்லிட்டு போவாங்க. ஷாலை புடிச்சு கேட்டாளே அந்தப் பாப்பா, அவ இப்ப ஆறாவது, சார்ட்ல டிக் அடிக்கிறது அவ வேலை. பச்சை போட்ட நாள்ல திடீர்னு வர முடியலைன்னா வெள்ளிக்கிழமை ஸ்கூல் விடுறதுக்குள்ள, நாலு மணிக்குள்ள, ஹெச்.எம்.முக்கு போன் போட்டு சொல்லிடுவோம், அவங்க ப்ரேயர் மணி அடிக்கிற இடத்துல நிக்க வெச்சு பசங்ககிட்ட சொல்லிட்டு தான் வீட்டுக்கு அனுப்புவாங்க.